எல்லாவற்றையும் எழுதிவிட்டு அப்புறம் தீர்மானிக்கும் ஒட்டுண்ணி

ஆப்பிரிக்காவில் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புரூசி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இரண்டு இடங்களில் வாழ்கிறது, அந்த இரண்டு இடங்களுக்கும் பெரிதாக எந்த ஒற்றுமையும் கிடையாது. மனிதர், மாடு, மான் என்று ஏதோ ஒரு பாலூட்டியின் இரத்தத்தில் இருக்கும்போது அதைச் சுற்றிச் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை, சூடும் அதிகம் மாறுவதில்லை, ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் விடாமல் துரத்துகிறது. செட்சி ஈ அந்த இரத்தத்தை உறிஞ்சியதும் ஒட்டுண்ணி ஈயின் நடுக்குடலில் போய்ச் சேர்கிறது; அங்கே வெப்பம் குறைவு, குடித்த இரத்தத்தோடு வந்த சர்க்கரை சீக்கிரமே தீர்ந்துவிடும், அப்புறம் கிடைப்பதெல்லாம் புரோலின் மாதிரியான அமினோ அமிலங்கள்தான். மரபணுத் தொகுதி அதேதான், சாப்பாடு மட்டும் அடியோடு மாறிவிடுகிறது.

சாப்பாடு மாறினால் அதிலிருந்து ஆற்றல் எடுக்கும் ஏற்பாடும் மாற வேண்டும், அதாவது மைட்டோகாண்ட்ரியா மாற வேண்டும். டிரிப்பனோசோமாவில் ஒரு செல்லுக்கு ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியாதான், செல்லின் நீளம் முழுக்க நீண்டு கிடக்கும். அந்த ஒன்றை இரத்தத்தில் ஒரு மாதிரியும் ஈயின் குடலில் வேறு மாதிரியும் இயக்க, அதற்குள் இருக்கும் மரபணுக்களில் எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்று ஒட்டுண்ணி எப்படித் தீர்மானிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் வழக்கமான பதில், தேவையான மரபணுவை இயக்கும், தேவையில்லாததை அணைத்துவைக்கும் என்பது. டிரிப்பனோசோமா அப்படிச் செய்வதில்லை. அது எல்லாவற்றையும் எப்போதும் ஆர்என்ஏவாகப் படியெடுத்துவிட்டு, எந்தப் படியைப் பயன்படுத்துவது என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்கிறது. உயிரியலில் இதைவிட விசித்திரமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரத்தத்தில் நடப்பது. அங்கே இருக்கும் நீண்டு மெலிந்த வடிவம் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரையை உடைத்தே பிழைக்கிறது. அந்த உடைப்பின் முதல் ஏழு படிகளுக்கான நொதிகளைக் கிளைக்கோசோம் என்ற தனிப் பைகளுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் நமக்கெல்லாம் இருக்கும் சைட்டோகுரோம் வரிசை, அதாவது எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்ஸிஜனிடம் சேர்க்கும் புரதங்களின் தொடர், அதற்கு இல்லை, அதனால் சயனைடு கொடுத்தாலும் அதன் சுவாசம் நிற்பதில்லை. மாற்று ஆக்ஸிடேஸ் என்ற ஒரு நொதி எலக்ட்ரான்களை வாங்கி நேராக ஆக்ஸிஜனிடம் ஒப்படைத்துவிடுகிறது. வேலை முடிந்தது, ஆனால் இந்தக் குறுக்கு வழியில் புரோட்டான்கள் உள்சவ்வைத் தாண்டி இறைக்கப்படுவதில்லை. இது சின்ன விஷயம் கிடையாது, ஏனென்றால் உள்சவ்வின் இரு பக்கமும் ஒரு மின்னழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் வெளியிலிருந்து வர வேண்டிய புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடியாது, ஒட்டுண்ணி செத்துப்போகும். அதற்கு அது கண்டுபிடித்த வழி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியை வழக்கமாகத் தயாரிக்கும் ஏடிபி சின்தேஸ் என்ற இயந்திரத்தைத் திருப்பிச் சுற்றவிடுவது. காற்றாலைக்குக் கரண்டு கொடுத்து விசிறியாக ஓட்டுவது போல, ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளி அந்த மின்னழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இரத்தத்தில் எண்ணிக்கை பெருகியதும் ஒட்டுண்ணிகள் அதை உணர்ந்து, பிரிவதை நிறுத்தி, குட்டையான வடிவத்துக்கு மாறுகின்றன. அந்தக் கட்டத்திலேயே மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஈயின் குடலுக்குள் போனதும் சைட்டோகுரோம் வரிசை முழுதாக அமைந்து, புரோலினை எரித்து ஆற்றல் எடுக்கும் வேலை நடக்கிறது.

சரி, மரபணுக்களுக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்தையொட்டி இருக்கும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கான மரபணுக்கள் நியூக்ளியஸில் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் புரதங்களுக்கான மரபணுக்கள் வெறும் 18தான். ஆனால் அந்த 18 இல்லாமல் மேலே சொன்ன எந்த இயந்திரமும் முழுமையடையாது. இந்த டிஎன்ஏவுக்குக் கைனெட்டோபிளாஸ்ட் என்று பெயர். நுண்ணோக்கியில் செல்லின் வால்முனை இழையின் அடியில் ஒரு தனிப் புள்ளியாகத் தெரியும் அளவுக்கு இது அடர்த்தி. உள்ளே பார்த்தால் வளைய வடிவ டிஎன்ஏக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு ஒரே வலையாக இருக்கின்றன. அதில் இரண்டு வகை: ஒவ்வொன்றும் சுமார் 23,000 எழுத்து நீளமுள்ள பெருவளையங்கள் சில டஜன், சுமார் 1,000 எழுத்து நீளமுள்ள சிறுவளையங்கள் ஏறத்தாழ 5,000. பெருவளையத்தில்தான் அந்த 18 மரபணுக்கள். சிறுவளையங்கள் எதற்கு இருக்கின்றன என்பது ரொம்ப நாள் யாருக்கும் புரியாமலேயே இருந்தது.

புதிர் அவிழத் தொடங்கியது 1986இல், ஆம்ஸ்டர்டாமில். ராப் பென்னேயின் குழு, சைட்டோகுரோம் வரிசையின் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸின் (மேலே சொன்ன மாற்று ஆக்ஸிடேஸ் வேறு) இரண்டாம் துணைப்புரதத்துக்கான மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தது. அந்த மரபணு டிஎன்ஏவில் உடைந்திருந்தது, அதாவது நடுவில் எழுத்துக் கணக்கு பிசகி, அதற்கு மேல் படித்தால் அர்த்தமில்லாத புரதம்தான் வரும். ஆனால் அதிலிருந்து வந்த ஆர்என்ஏவைப் பார்த்தபோது, பிசகிய இடத்தில் டிஎன்ஏவில் இல்லாத நான்கு யூரிடின்கள், அதாவது ஆர்என்ஏவின் 'யு' எழுத்துகள், கூடுதலாக இருந்தன. அந்த நான்கு எழுத்தும் சேர்ந்ததும் கணக்கு சரியாகிவிட்டது. மரபணுவில் இல்லாத தகவல் ஆர்என்ஏவில் எப்படி வந்தது? இதற்குத்தான் ஆர்என்ஏ திருத்தம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அந்தப் பெயர் வேறு பல உயிர்களிலும் வேறு வகையான மாற்றங்களுக்கும் பயன்படுகிறது, ஆனால் பெயர் பிறந்தது இந்த ஒட்டுண்ணிகளில்தான்.

நான்கு எழுத்து என்பது வெறும் ஆரம்பம். இரண்டே வருஷத்தில், 1988இல், சியாட்டிலில் கென் ஸ்டூவர்ட்டின் குழு அதே ஆக்ஸிடேஸின் மூன்றாம் துணைப்புரதத்துக்கான ஆர்என்ஏவைப் பார்த்தபோது, அதில் 547 யூரிடின்கள் நுழைக்கப்பட்டு 41 யூரிடின்கள் நீக்கப்பட்டிருந்தன. முடிந்த ஆர்என்ஏவில் பாதிக்கும் மேல் டிஎன்ஏவிலேயே இல்லாத எழுத்துகள்! டிஎன்ஏவை மட்டும் வைத்துத் தேடினால் அங்கே ஒரு மரபணு இருப்பதே தெரியாது. டிரிப்பனோசோமா புரூசியில் அந்த 18 மரபணுக்களில் 12க்கு ஏதாவதொரு அளவில் திருத்தம் வேண்டும். அதில் ஒன்பது இப்படி முழுக்க முழுக்க மாற்றி எழுதப்படுபவை.

அந்தக் கூடுதல் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1990இல் லாஸ் ஏஞ்சலஸில் லாரி சிம்ப்சனின் குழு விடை சொன்னது. பல்லியில் வாழும் லீஷ்மேனியா டாரன்டோலே என்ற உறவுக்கார ஒட்டுண்ணியில், ஐம்பது அறுபது எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏக்கள் இருப்பதையும் அவைதான் எங்கே எத்தனை யூரிடின் சேர்க்க வேண்டும் என்று காட்டுவதையும் கண்டுபிடித்தார்கள். இவை வழிகாட்டி ஆர்என்ஏக்கள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை உருவாவது அந்தச் சிறுவளையங்களில் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஆயிரக்கணக்கான வளையங்களுக்கு அர்த்தம் கிடைத்தது அப்போதுதான். ஒரு மரபணு பெருவளையத்தில் பாதியாகவும், மீதித் தகவல் எங்கெங்கோ இருக்கும் சிறுவளையங்களில் துண்டு துண்டாகவும் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் படிக்க முடியும்.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டியின் ஒரு முனை ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்து எழுத்துகள் பொருந்தாத இடத்தில் ஒரு நொதி ஆர்என்ஏவை வெட்டும். வழிகாட்டி கேட்கும் எண்ணிக்கையில் இன்னொரு நொதி யூரிடின்களைச் சேர்க்கும், அல்லது வேறொரு நொதி இருப்பவற்றை நீக்கும், கடைசியில் லைகேஸ் என்ற நொதி வெட்டை ஒட்டும். இப்படி ஒரு வழிகாட்டி தன் பங்கை முடித்ததும், புதிதாக உருவான அந்த எழுத்து வரிசையே அடுத்த வழிகாட்டி ஒட்டிக்கொள்வதற்கான இடமாக அமைகிறது. ஆர்என்ஏவின் பின்முனையிலிருந்து முன்முனை நோக்கி, ஒன்றன் பின் ஒன்றாக, சிலவற்றுக்குப் பல டஜன் வழிகாட்டிகள். இடையில் ஒன்று தவறினால் அதற்கு மேல் வேலை நகராது. உண்மையில் எந்த நேரத்தில் பார்த்தாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பாதி திருத்திய, பாதியில் நின்ற ஆர்என்ஏக்கள்தான் குவிந்து கிடக்கும். இந்தப் 'பாதியில் நிற்பது' என்ற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சில் இது மறுபடி வரும்.

இப்போது வாழ்க்கைக் கட்டங்கள். சைட்டோகுரோம் பி என்ற புரதத்துக்கான ஆர்என்ஏவில் 34 யூரிடின்கள் சேர வேண்டும், அவை சேர்ந்தால்தான் புரதத் தயாரிப்பு எங்கே தொடங்க வேண்டும் என்ற குறியே உருவாகும். ஈயின் குடலில் இருக்கும் வடிவத்தில் இந்தத் திருத்தம் நடக்கிறது, இரத்தத்தில் இருக்கும் மெலிந்த வடிவத்தில் நடப்பதில்லை. ஆக்ஸிடேஸின் இரண்டாம் துணைப்புரதமும் அப்படித்தான், ஈக்கு மட்டும். எலக்ட்ரான் வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் முதல் கூட்டுப்புரதத்தைச் (complex I) சேர்ந்த என்டி7, என்டி8 போன்றவற்றுக்கு நேர் எதிர், முழுத் திருத்தம் இரத்தத்தில்தான் அதிகம். இதில் என்டி7இன் கதை இன்னும் சுவாரசியம்: அதன் ஆர்என்ஏவில் திருத்தம் நடக்கும் பகுதிகள் இரண்டு, முன்பகுதி இரண்டு கட்டங்களிலும் திருத்தப்படுகிறது, பின்பகுதி முழுமையாகத் திருத்தப்படுவது இரத்தத்தில் மட்டும். அப்புறம் ஏடிபி சின்தேஸின் ஒரு பாகமான ஏ6, புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் பாகமான ஆர்பிஎஸ்12 ஆகியவை இரண்டு இடத்திலும் திருத்தப்படுகின்றன. அதற்குக் காரணமும் தெளிவு. ரைபோசோம் இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எந்தப் புரதமும் தயாராகாது, ஏ6 இல்லாமல் அந்தத் திருப்பிச் சுற்றும் இயந்திரம் இரத்தத்தில் ஓடாது. அதனால்தான் சர்க்கரையை மட்டும் நம்பி வாழும் கட்டத்திலும் இந்த ஒட்டுண்ணியால் திருத்தத்தைக் கைவிட முடிவதில்லை. திருத்தும் நொதிகளை ஆய்வகத்தில் முடக்கினால் இரத்த வடிவம் சாகிறது.

இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றும் விளக்கம், ஈயில் சைட்டோகுரோம் பிக்கான வழிகாட்டிகள் தயாராகும், இரத்தத்தில் தயாராகாது என்பது. எளிமையான, அழகான விளக்கம், ஆனால் தவறு. சைட்டோகுரோம் பிக்கும் ஆக்ஸிடேஸுக்கும் வேண்டிய வழிகாட்டிகள் இரத்த வடிவத்திலும் இருக்கின்றன. ஆக்ஸிடேஸ் இரண்டாம் துணைப்புரதத்தின் வழிகாட்டி அதே ஆர்என்ஏவின் வால் பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது எங்கும் தொலைந்துபோக வாய்ப்பே இல்லை, ஆனாலும் இரத்தத்தில் திருத்தம் நடப்பதில்லை. சரி, படியெடுப்பு குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. பெருவளையத்தின் மரபணுக்கள் இரண்டு கட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் படியெடுக்கப்படுகின்றன என்று 1990களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். மாறுவது படியெடுத்த பிறகு எது எவ்வளவு நேரம் நிலைத்து நிற்கிறது என்பது. கச்சாப் பொருள், வழிகாட்டி, வெட்டி ஒட்டும் நொதிகள் எல்லாம் இரண்டு இடத்திலும் இருக்கின்றன. அப்படியானால் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் கடந்த பதினைந்து இருபது ஆண்டு வேலையிலிருந்து சில இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, வெட்டி ஒட்டும் புரதக் கூட்டமே. ஸ்டூவர்ட்டின் குழுவினர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சில புரதங்களில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். அதே மாற்றம் இரத்த வடிவத்தை முடக்குகிறது, ஈ வடிவத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை; வேறு இடத்தில் மாற்றினால் நேர்மாறு. ஒரே பாகங்களால் ஆன கூட்டம் இரண்டு கட்டங்களில் வேறு வேறு விதமாக அமைகிறது அல்லது இயங்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கஷ்டம். வெறும் தேவையான பொருட்களின் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, வழிகாட்டிகளையும் ஆர்என்ஏவையும் பிரித்துப் பொருத்தும் ஹெலிகேஸ் நொதி. கேஆர்இஹெச்2 என்ற ஹெலிகேஸைப் பற்றி அண்மையில் வந்த ஆய்வுகளில் என்னை அசரவைத்தது இது: ஈ வடிவத்தில் என்டி7இன் திருத்தம் நின்றுபோவது வெறும் விடுபடல் இல்லையாம், வேண்டுமென்றே நிறுத்துவது போலத் தெரிகிறது. வேறு வேலைக்கான ஒரு வழிகாட்டி இங்கே வந்து ஒட்டி, வழக்கமில்லாத ஒரு வரிசையை எழுதவைக்கிறது. அந்த வரிசை ஆர்என்ஏவை மடித்து ஒரு முடிச்சாக்கி, அடுத்த வழிகாட்டி ஒட்ட வழியில்லாமல் செய்துவிடுகிறது என்று முன்வைக்கிறார்கள். கேஆர்இஹெச்2 குறைந்தால் இந்தத் தடை தளர்ந்து சரியான திருத்தம் கூடுகிறது. அதாவது அந்தப் பாதியில் நின்ற ஆர்என்ஏக்களில் ஒரு பகுதியாவது கட்டுப்பாட்டின் ஓர் அங்கமாக இருக்கலாம். இத்தனை காலம் பலர் அவற்றைக் கழிவு என்றுதான் எண்ணியிருந்தார்கள்.

மூன்றாவது, வால். திருத்தம் தொடங்குவதற்கு முன்பே ஆர்என்ஏவின் முடிவில் இருபது இருபத்தைந்து அடினின்கள் கொண்ட ஒரு குட்டை வால் ஒட்டப்படுகிறது. திருத்தம் முழுதாக முடிந்த பிறகு அது அடினினும் யூரிடினும் கலந்த, 200 எழுத்துக்கும் மேல் நீண்ட வாலாக வளர்கிறது. அந்த நீண்ட வால் இருக்கும் ஆர்என்ஏவைத்தான் ரைபோசோம் எடுத்துப் படிக்கிறது. கலிபோர்னியாவிலும் பிறகு பாஸ்டனிலும் இருந்த அஃபாசிசேவ் தம்பதியின் குழு இதைப் படிப்படியாக வெளிக்கொண்டுவந்தது. பாதியில் நின்ற ஆர்என்ஏவிலிருந்து அரைகுறைப் புரதம் உருவாகிவிடாமல் தடுக்க இப்படி ஒரு காவல் தேவைதான்.

இத்தனை அடுக்குகளுக்கும் மேல் நியூக்ளியஸின் பிடி இருக்கிறது. திருத்தும் நொதிகள், வால் ஒட்டும் நொதிகள், ரைபோசோமின் பெரும்பகுதி எல்லாம் வெளியே தயாராகி உள்ளே வருபவை. புரதத் தயாரிப்புக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டிஆர்என்ஏக்களில் ஒன்றுகூட மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் இல்லை, அத்தனையும் வெளியிலிருந்து இறக்குமதி. ஆக்ஸிடேஸின் மூன்றாம் துணைப்புரதத்துக்கான அந்த 547 எழுத்துத் திருத்தம் இரத்தத்திலும் நடக்கிறது, ஆனால் நியூக்ளியஸ் தரவேண்டிய துணைப்புரதங்கள் வராததால் அங்கே ஆக்ஸிடேஸ் உருவாவதில்லை. ஓர் இடத்தில் தடுக்காததை இன்னோர் இடத்தில் தடுக்கிறது.

இன்னும் யாருக்கும் சரியாகப் புரியாத ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் என்டி7, என்டி8 எல்லாம் கவனமாகத் திருத்தப்படுகின்றன என்றேன். அவை சேர வேண்டியது முதல் கூட்டுப்புரதத்தில். ஆனால் அந்தக் கூட்டுப்புரதத்தை ஆய்வகத்தில் நீக்கினாலும் இரத்த வடிவம் சாதாரணமாகவே வளர்கிறது. இத்தனை செலவு செய்து தயாரித்ததை அது எதற்குப் பயன்படுத்துகிறது? குட்டை வடிவத்துக்கோ, இரத்தம் தவிரத் தோல், கொழுப்புத் திசு போன்ற இடங்களில் ஒளிந்து வாழும் ஒட்டுண்ணிகளுக்கோ அது தேவைப்படலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வகக் குடுவையில் இருக்கும் ஊட்டம் நிறைந்த திரவம் உண்மையான உடம்பாகிவிடாது.

இப்படி ஒரு சுற்றுவழி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு இந்தியாவிலிருந்தே தொடங்கலாம். 1880இல் அன்றைய பஞ்சாபில், குதிரைகளும் ஒட்டகங்களும் சர்ரா என்ற நோயால் மெலிந்து சாவதை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் அவற்றின் இரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமா என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான், இப்போது அதன் பெயர் டிரிப்பனோசோமா எவான்சி. இந்தியாவில் மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், நாய் என்று பலவற்றை அது இன்றும் தாக்குகிறது. 2004இல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கே வந்தது, நம்மையெல்லாம் இந்த ஒட்டுண்ணியிடமிருந்து காப்பாற்றும் ஒரு இரத்தப் புரதம் அவருக்குப் பிறவியிலேயே இல்லாமல் இருந்ததால்.

எவான்சி என்பது புரூசியிலிருந்து பிரிந்து வந்ததுதான். செட்சி ஈ இல்லாத இந்தியாவில் அது எப்படிப் பரவுகிறது? மாட்டு ஈக்கள் ஒரு விலங்கைக் கடித்து, வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அடுத்ததைக் கடிக்கும்போது அப்படியே தாவிவிடுகிறது. ஈக்குள் வளர வேண்டிய கட்டமே அதற்குக் கிடையாது. அதன் கைனெட்டோபிளாஸ்டைப் பார்த்தால் பெருவளையங்கள் இல்லை, சிறுவளையங்கள் பல வகையிலிருந்து ஒரே வகைக்குச் சுருங்கியிருக்கின்றன, சில வகைகளில் கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏவே சுத்தமாக இல்லை. ஏ6 இல்லாமல் எப்படி உயிரோடு இருக்கிறது என்று தேடியபோது கிடைத்த விடை, நியூக்ளியஸில் இருக்கும் ஏடிபி சின்தேஸின் காமா துணைப்புரதத்தில் ஏற்படும் ஒற்றை மாற்றம். எடின்பரோவில் அகிம் ஷ்னௌஃபரின் குழு அப்படி ஒரு மாற்றத்தைச் சாதாரண புரூசியில் வைத்துப் பார்த்தது, 262ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின், அவ்வளவுதான். ஒட்டுண்ணி தன் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ முழுவதையும் இழந்தும் இரத்தத்தில் நன்றாகவே வாழ்ந்தது. ஆனால் அதற்கு ஈக்குள் திரும்பிப் போகும் வழி நிரந்தரமாக அடைபட்டுவிட்டது.

பல்லி ஒட்டுண்ணியிலும் இதே கதைதான். ஆய்வகக் குடுவையில் பல பத்தாண்டுகள் வளர்த்த லீஷ்மேனியா டாரன்டோலே வகையில் முதல் கூட்டுப்புரதத்துக்கான வழிகாட்டிகள் பல காணாமல் போயிருந்தன, திருத்தமும் நின்றுபோயிருந்தது. பிற்பாடு புதிதாகப் பிரித்தெடுத்த வகையில் அவை இருந்தன. பயன்படுத்தாத தகவல் தேய்ந்து மறையும்.

இதிலிருந்து சிலர் ஒரு யோசனையை முன்வைக்கிறார்கள், எனக்கு இது நம்பத்தக்கதாகப் படுகிறது. இரத்தத்தில் ஒட்டுண்ணி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பெருகுகிறது, அத்தனை காலமும் சைட்டோகுரோம் மரபணுக்களுக்கு வேலையில்லை. அவை ஒரே துண்டாக இருந்தால், அவற்றை இழந்த ஒட்டுண்ணிகள் சுமை குறைந்து வேகமாகப் பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும், அப்புறம் ஈ வந்து கடித்தால் ஈக்குள் பிழைக்க ஒன்றுகூட மிஞ்சாது. அதே தகவல் நூற்றுக்கணக்கான சிறுவளையங்களில் சிதறி, இரத்தத்திலும் தேவைப்படும் ஏ6, ஆர்பிஎஸ்12 ஆகியவற்றின் வழிகாட்டிகளோடு கலந்து கிடந்தால், தேவையில்லாததை மட்டும் கழற்றி எறிய முடியாது. ஒரு சிறுவளையத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று வழிகாட்டிகள் இருக்கின்றன, ஒன்றைத் தொலைத்தால் இன்னொன்றும் போகும். எல்லாவற்றையும் எப்போதும் படியெடுப்பதும், முடிவைப் பின்னால் தள்ளிப்போடுவதும் இந்தக் கோணத்தில் பார்த்தால் வீண்செலவாகத் தெரிவதில்லை. ஆனால் இது இன்னும் கருதுகோள்தான், சோதனையில் நிறுவுவது எளிதில்லை.

மலேரியா ஒட்டுண்ணியைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் துலக்கமாகும். பிளாஸ்மோடியம் பால்சிபாரத்தின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ வெறும் 6,000 எழுத்துதான், விலங்குகளிலும் ஒட்டுண்ணிகளிலும் மிகச் சிறியவற்றில் ஒன்று. அதில் மூன்றே புரதங்கள், சைட்டோகுரோம் பியும் ஆக்ஸிடேஸின் இரண்டு துணைப்புரதங்களும். ரைபோசோம் ஆர்என்ஏக்கூடத் துண்டு துண்டாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் சிவப்பணுவுக்குள் பெருகும்போது இந்த எலக்ட்ரான் வரிசை முழுக்க ஒரே வேலைக்குத்தான் வேண்டியிருக்கிறது, டிஎன்ஏவுக்கான பிரிமிடின் தயாரிக்கும் ஒரு நொதியிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வதற்கு. 2007இல் பிலடெல்பியாவில் அகில் வைத்யாவின் குழு, ஈஸ்ட்டிலிருந்து அதற்கு மாற்றான ஒரு நொதியை ஒட்டுண்ணிக்குள் வைத்ததும், அந்த முழு வரிசையும் தேவையில்லாமல் போய்விட்டது. ஆனால் கொசுவுக்குள் போகும் பாலின வடிவங்களில் நிலைமை வேறு. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் தோன்றுகின்றன, எலக்ட்ரான் வரிசையின் புரதங்கள் பல மடங்கு கூடுகின்றன, கொசுவுக்குள் அது இல்லாமல் முடியாது.

இந்த வித்தியாசத்துக்கு மருத்துவத்தில் நேரடிப் பலன் உண்டு. அட்டோவாகோன் என்ற மருந்து, மலரோன் மாத்திரையில் இருக்கும் இரண்டில் ஒன்று, சைட்டோகுரோம் பியைத்தான் தாக்குகிறது. அதை எதிர்க்கும் ஒட்டுண்ணிகள் நோயாளியின் உடம்பில் விரைவாகவே தோன்றிவிடும், ஒற்றை எழுத்து மாறினால் போதும். 2016இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டியது, இப்படி எதிர்ப்பு பெற்றவை இரத்தத்தில் செழித்தாலும் கொசுவுக்குள் தடுமாறி நின்றுவிடுகின்றன, அடுத்த ஆளுக்குப் போக முடிவதில்லை. ஒரு கட்டத்தில் கிடைத்த லாபத்துக்கு அடுத்த கட்டத்தில் விலை கொடுக்கிறது.

கால்நடைகளுக்குக் கொடுக்கும் டிரிப்பனோசோமா மருந்துகளிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். ஹோமிடியமும் ஐசோமெட்டமிடியமும் கைனெட்டோபிளாஸ்டைத் தாக்குபவை. எடின்பரோ குழு ஆய்வகத்தில் ஐசோமெட்டமிடியத்துக்குப் பழக்கிய புரூசியில் காமா துணைப்புரத மாற்றங்கள் தோன்றின, சிலவற்றில் கைனெட்டோபிளாஸ்டே போய்விட்டது, தாக்க வேண்டிய இலக்கே இல்லாததால் மருந்துக்கு வேலையில்லை. செட்சி ஈ இருக்கும் நாட்டில் இப்படிப்பட்ட ஒட்டுண்ணி ஈ வழியாகப் பரவ முடியாது என்பது ஒரு காப்பு. மாட்டு ஈ கடித்தே பரவும் சர்ராவில் அந்தக் காப்பு கிடையாது, எவான்சி அந்த மாற்றத்தோடுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் ஆப்பிரிக்காவில் புரூசிக்கு எதிராகக் கைனெட்டோபிளாஸ்டையோ ஆர்என்ஏ திருத்தத்தையோ குறிவைத்து நாளைக்கு ஒரு மருந்து வந்தாலும், அதை அப்படியே இந்தியாவின் ஒட்டகத்துக்கும் எருமைக்கும் கொடுத்துவிட முடியாது. இங்கே குயினபைரமின் போன்ற பழைய மருந்துகளைத்தான் கால்நடை மருத்துவர்கள் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள்.